அயனிக் கற்றைக்கு நாள் குறித்தது

என் வேலைக்காலம் முழுவதையும் வருவாய்த் துறையில் கழித்துவிட்டு, இப்போது அன்னவாசலில் ஓய்வூதியத்தில் இருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, நத்தம், புறம்போக்கு, மேல்முறையீடு என்று அரசாங்கம் மனிதனுக்காகக் கட்டிவைத்திருக்கும் எல்லாச் சந்துகளிலும் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். ஊரில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் வக்கீலிடம் போவதற்கு முன் என்னிடம்தான் வருவார்கள். என்னிடம் வந்தவர்கள் பிறகு வக்கீலிடம் போகாமல் இருந்ததில்லை என்று என் மனைவி சொல்லித் திரிவதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரியில் நான் படித்தது இயற்பியல். வேலையில் அந்தப் படிப்பு எனக்கு ஒரே ஓர் இடத்தில்தான் உதவியது. புறத்திலிருந்து விசை எதுவும் வராதவரை ஒரு கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை என்னால் மற்றவர்களைவிட வியப்பில்லாமல் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

மகள் அந்தப் படிப்பை அப்படி விட்டுவிடவில்லை. திருச்சியில் தொடங்கி, சென்னையில் தொடர்ந்து, முனைவர் பட்டத்துக்காக ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் போய் நின்றாள். அங்கே அணுக்களின் எலெக்ட்ரான்களை உரித்தெடுத்து, ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும் அளவுக்கு ஓடவிட்டு, ஒரு கரித்துண்டின்மேல் மோதவைக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்குத்தான் கன அயனிக் கற்றை என்று பெயர். மோதினால் சில்லு சில்லாகப் பறக்கும். அந்தச் சில்லுகளுக்குள் அபூர்வமாக எப்போதாவது ஒரு ஹைப்பர் அணுக்கரு இருக்கும். அதைப் பிடிப்பதுதான் அவளுடைய வேலை.

சாதாரண அணுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானும் மட்டும் குடியிருக்கும். ஹைப்பர் அணுக்கருவில் லாம்டா என்று மூன்றாவதாக ஒரு துகளும் வந்து சேர்ந்திருக்கும். இதை உறவினர்களுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பந்தியை வைத்து விளக்கினேன். புரோட்டான்களும் நியூட்ரான்களும் பந்திக்கு வந்த கூட்டம். நடுவில் இருக்கும் நல்ல இலைகள் நிரம்பிவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு ஓரத்து இலைதான். லாம்டா மட்டும் மாப்பிள்ளை. அவருக்கு இந்தக் கணக்குக் கிடையாது. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் நேரே நடு இலைக்குப் போவார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

மகள் போனில் இதைக் கேட்டுவிட்டு, பெரும்பாலும் சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். ஒரு நொடியை ஆயிரம் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் இரண்டு மூன்று துண்டு நேரம்தான் லாம்டா தாங்கும், உடனே சிதைந்துவிடும், அது ஒன்றுதான் வித்தியாசம் என்றாள். நம் மாப்பிள்ளைமாரிடம் அந்த நல்ல குணம் இல்லை என்று என் மனைவி சேர்த்துக்கொண்டாள். என் தங்கை கணவர் ஒரு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்போது கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

மோதிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, அந்த ஹைப்பர் அணுக்கரு எங்கே சிதைகிறது என்று பார்ப்பதற்காக, முடியைப் போல மெல்லிய ஒளியிழைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி மகள் ஒரு கருவி செய்திருந்தாள். அதை ஓட்டிப் பார்க்கக் கற்றை வேண்டும். கற்றை இவள் ஒருத்திக்கு மட்டும் உரியதல்ல. புற்றுநோய்க்குச் சிகிச்சை தேடுகிறவர்கள், விண்வெளிக்கு அனுப்பும் மின்னணுப் பொருள்களைச் சோதிப்பவர்கள், புதுத் தனிமம் தேடுகிறவர்கள் என்று பெரிய வரிசை. ஒரு குழு கூடி ஆளுக்கு இத்தனை நாள் என்று ஒதுக்கும். மகளுக்கு ஆறு நாள் கிடைத்தது. அவளுடைய பட்டம் அந்த ஆறு நாளில் கிடைப்பதை நம்பித்தான் இருந்தது.

அதே வருஷம் மகனுக்குக் கல்யாணம் கூடியது. விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான், மகளுக்கு மூத்தவன். பெண் ஜெகதாப்பட்டினம். சம்பந்தி அங்கே ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பிவிட்டால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் கல்யாணம் தடைக்காலத்துக்குள் முடிய வேண்டும் என்றார். ஜோசியர் இரண்டு நட்சத்திரத்துக்கும் பொருந்தும் முகூர்த்தம் வைகாசியில் ஒன்றே ஒன்றுதான் என்றார். விராலிமலை நெடுஞ்சாலையில் இருக்கும் மண்டபத்தில் அந்த நாள் காலியாக இருந்தது. மகளின் கற்றை பங்குனிக் கடைசியிலேயே முடிந்துவிடும். கடல், கிரகம், மண்டபம், ஜெர்மனி நான்கையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்திய பெருமையில் நான் சில நாள் நடையையே மாற்றிக்கொண்டேன்.

மகள் கட்டாயம் வந்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுத்தான் போடுவான். மற்ற இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். சித்தப்பா, பெரியப்பா பெண்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் கூடப் பிறந்தவள் நல்லபடியாக இருக்கும்போது இன்னொருத்தி மேடையேறி முடிச்சுப் போட்டால், அண்ணனுக்கும் தங்கைக்கும் என்ன தகராறு என்று ஆராய்ந்துகொண்டேதான் மண்டபம் முழுவதும் சாப்பிடும்.

பத்திரிகை அடித்து, முதல் பத்திரிகையை விராலிமலை முருகன் பாதத்தில் வைத்துவிட்டு வந்தோம். அங்கே வைத்தபிறகு தேதியை மாற்றுவது எங்கள் வீட்டில் கிடையாது. மலையிறங்கி மயில்களைத் தாண்டி வண்டியில் ஏறும்போது மகள் போன் செய்தாள். ஆய்வகத்தில் ஒரு காந்தத்தைக் குளிரவைக்கும் குழாயில் கசிவு. எல்லோருடைய நாளும் தள்ளிப்போய்விட்டது. அவளுடைய ஆறு நாள் நகர்ந்து வந்து சரியாகக் கல்யாணத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆறு நாளும் தான் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றாள். கருவியைச் செய்தது அவள். அது பண்ணும் சேட்டை அவளுக்குத்தான் தெரியும். மனைவி அதைக் கேட்டுவிட்டு, அவள் இல்லாமல் தாலி கட்டினால் தான் மேடைக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்போனில் அவளைக் காட்டிவிடலாமே என்று மகன் சொன்னான்.

"காட்டலாம்டா. செல்லுக்குள்ள இருந்து முடிச்சுப் போட முடியுமா?" என்றாள் மனைவி.

சம்பந்தியிடம் விஷயத்தை மறைக்க முடியாது. அவர் பதறவில்லை. படகுக்குக் கடலுக்குப் போகிற முறை வருவது போலவா என்று கேட்டார். அது போலத்தான் என்றேன். முறை நாளை விட்டால் அடுத்த முறை வரைக்கும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பாவம் பிள்ளை என்று சொல்லிவிட்டு, மகளிடம் தானே பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டுக்கொடுத்தேன். அவரை மகிழ்விக்க மகள் ஐஸை வைத்து விளக்கினாள். ஓடுகிற லாரியில் ஐஸ் எந்த இடத்தில் உருகிச் சொட்டுகிறது என்று பார்த்தால் அது எவ்வளவு நேரம் தாங்கியது என்று கணக்குப் போடலாம்; தானும் கற்றை வேகத்தில் பறக்கும் கரு எந்த இடத்தில் சிதைகிறது என்று பார்த்து அதன் ஆயுளைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னாள்.

அவர் கவனமாகக் கேட்டார். "அது சரிம்மா. இத யாரு வாங்குறாக?"

"யாரும் வாங்க மாட்டாங்க மாமா."

"சர்க்காரு காசா?"

"ஆமா மாமா."

"அப்பச் சரி," என்றார். அவருக்கு அதற்குமேல் சந்தேகம் எதுவும் எழவில்லை.

இரண்டு நாள் கழித்து மகள் என்னிடம் ஆலோசனை கேட்டாள். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் வேறுவிதமாகப் பேசப்பட்டது. நாள் ஒதுக்கும் பொறுப்பில் ஓர் அம்மாள் இருக்கிறார், அவருக்கு எழுதினால் வேறு குழுவோடு நாளை மாற்றித் தரக்கூடும், தனக்குப் போக வர நாலு நாள் தள்ளிக் கிடைத்தால் போதும், எப்படிக் கேட்பது என்றாள்.

பத்து நாள் கேள் என்றேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கேட்டதில் பாதியை வெட்டாத அதிகாரி தன் நாற்காலிக்குத் துரோகம் செய்கிறவர். முழுதாகக் கொடுத்தால் அவர் படித்துப் பார்க்கவில்லை என்று மேலதிகாரி நினைப்பார். ஆகவே அவர் வெட்டுவதற்கு வசதியாகக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கொடுப்பது மனு எழுதுகிறவனின் மரியாதை. நான் வேலையில் இருந்தபோது அலுவலகத்துக்கு ஐந்து பீரோ கேட்டு இரண்டு வாங்கினேன். பக்கத்துத் தாலுகாவில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர் நேர்மையான மனிதர். இரண்டு தேவைப்பட்டது, இரண்டு கேட்டார். அவருக்கு ஒரு ஸ்டூல் வந்தது.

"இங்க அப்படியெல்லாம் இல்லப்பா. கேட்டா கேட்டதுதான்."

"எந்த ஊரா இருந்தாலும் ஆபீசு ஆபீசுதான். பத்து போடு. அஞ்சாக் குறைப்பாங்க. ஒனக்கு ஒரு நாள் மிச்சம்."

விண்ணப்பத்தை நானே வரைந்து அனுப்பினேன். பொருள், பார்வை, மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து கொண்டுவரும் விவரம் எல்லாம் குறையில்லாத ஆங்கிலத்தில் இருந்தது. நாத்தனார் முடிச்சின் தொன்மை பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மகள் அதில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டு வரி அனுப்பினாளாம். என் வரைவில் அவள் தொடாமல் விட்டது அந்தப் பத்து மட்டும்தான்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. அதுவே எனக்கு நல்லதாகப் படவில்லை. யோசிக்கிற அலுவலகம் மறுநாள் பதில் போடாது. அண்ணன் கல்யாணத்துக்கு வாழ்த்து, பத்து நாள் தள்ளிவைத்தாயிற்று, உங்கள் இடத்துக்குப் புற்றுநோய்க் குழுவினர் மகிழ்ச்சியோடு வருகிறார்கள், ஊருக்குப் போய் வாருங்கள் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். பத்தும் அப்படியே. ஒரு நாளைக்கூட வெட்டவில்லை.

வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மகளும் நானும் மட்டும் போனின் இரண்டு முனைகளிலும் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆய்வகத்துக்கும் ஓர் ஆடி மாதம் உண்டு. ஜூன் கடைசியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் மாதக்கணக்கில் அதில் எந்த நல்ல காரியமும் நடக்காது. நாலைந்து நாள் தள்ளியிருந்தால் பின்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும். ஏதாவது பழுதானாலும் சமாளிக்கலாம். பத்து நாள் தள்ளியதில் அவளுடைய ஆறாவது நாளும் இயந்திரத்தின் கடைசி நாளும் ஒன்றாகிவிட்டன. இடையில் ஒரு நாள் போனால், போனதுதான்.

நாலு நாள்தான் வேண்டும், மீதி ஆறைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதப்போவதாக மகள் சொன்னாள். ஒப்பளிப்புச் செய்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவனை நான் என் வேலைக்காலத்தில் கண்டதில்லை. மார்ச் மாதத்தில் பணம் மிஞ்சினால் சுவருக்குச் சுண்ணாம்பாவது அடித்துத் தீர்ப்போமே தவிர, திருப்பி அனுப்ப மாட்டோம். கேட்டதே பொய்க் கணக்கு என்று நாமே எழுத்தில் ஒப்புக்கொடுப்பதாகாதா, அடுத்த முறை இவளுடைய எந்த எண்ணை யார் நம்புவார்கள் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தேன். அவள் எழுதிவிட்டாள்.

அதற்கும் மறுநாளே பதில். மன்னிக்க வேண்டும், புற்றுநோய்க் குழுவினர் அந்தத் தேதிக்கென்று கண்ணாடித் தட்டுகளில் செல்களை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள், செல்கள் காத்திருக்காது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: நாலு நாள் போதுமென்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கோபமோ குத்தலோ அதில் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டிருந்தார். மகள் அந்த வரியை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

"வாராள்ல? அது போதும்," என்றாள் மனைவி.

வந்தாள். முகூர்த்தத்துக்கு முதல்நாள் திருச்சி விமான நிலையத்தில் இறங்கினாள். மண்டபத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று, எப்போது படிப்பு முடியும், எப்போது உனக்கு, அந்த ஊரில் அரிசி கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டது. என் தங்கை கணவர் மட்டும் அருகில் போய், நடு இலை மாப்பிள்ளைக் கதை உண்மைதானா என்று விசாரித்தாராம். கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தத்திலும் அவர் காது வேலை செய்திருக்கிறது.

மேளம் கொட்டியது. மகன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். மகள் பின்னால் நின்று இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். அத்தோடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. குனிந்து, விரல்நுனியால் ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசியர் கடிகாரத்தைப் பார்த்தார். மேளக்காரர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொட்டிக்கொண்டே இருந்தார்.

"அங்கிட்டு என்னடி பண்ணிக்கிட்டு இருக்க?" என்று மனைவி பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"டெஸ்ட் பண்றேன்மா."

மணப்பெண் தலையைத் தூக்காமலே, "கழுத்து இறுக்குதுங்க அண்ணி," என்றாள். அதுதான் எங்கள் மருமகள் இந்தக் குடும்பத்தில் சொன்ன முதல் வார்த்தை. எங்கள் வீட்டைப் பற்றி அவளுடைய கருத்து இன்றும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாளே மகள் கிளம்பிவிட்டாள். கற்றை குறித்த நாளில் வந்தது. தினமும் சாயங்காலம் எங்களுக்கு ஒரு வரிச் செய்தி வரும்: நல்லா ஓடுது. மூன்று நாள் அப்படி வந்தது. நாலாம் நாள் வரவில்லை. ஒரு காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி பழுது. அதை மாற்றுவதற்குள் நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் போய்விட்டன. ஆறாம் நாள் கொஞ்ச நேரம் ஓடியது. அதற்குள் இயந்திரத்துக்கு ஆடி பிறந்துவிட்டது.

கிடைத்ததை வைத்துக்கொண்டு பல மாதம் கணக்குப் போட்டாள். ஹைப்பர் அணுக்கரு இருந்தால் வரைபடத்தில் ஓர் இடத்தில் மேடு எழும்ப வேண்டும். எழும்பியிருக்கிறதா என்று கேட்டேன். விராலிமலை மாதிரி நிற்க வேண்டியது, ரோட்டில் போட்ட வேகத்தடை மாதிரி இருக்கிறது, இதை வைத்துப் பட்டம் வாங்க முடியாது என்றாள். பேராசிரியர் அவளுக்கு இன்னொரு வருஷம் வாங்கிக் கொடுத்தார். மறுபடி ஆறு நாள் கிடைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இம்முறை என்னிடம் ஆலோசனை கேட்கப்படவில்லை. ஆறு வேண்டும், ஆறு என்று விண்ணப்பித்தாள்.

குழுவுக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். எல்லோரும் கூட்டித்தான் கேட்கிறார்கள் என்பது குழுவின் பொதுவான எண்ணமாக இருப்பதால், எல்லோருக்கும் ஒரே மாதிரி மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருப்பதாக முடிவு வந்தது. அவளுக்கு நாலு. இதை அவள் வாசித்தபோது நான் செய்த காரியத்தை எளிதென்று யாரும் நினைக்கக் கூடாது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சிரிக்கிறீங்களாப்பா?"

"இல்ல."

"நாலு பத்தாதுப்பா. போன தடவ கிடைச்சதும் ஏறக்குறைய அவ்வளவுதான்." அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இதுக்கு அப்பீல்னு ஏதாவது உண்டா?"

மேல்முறையீடு இல்லாத ஆணையை நான் பார்த்ததில்லை. தீர்மானத்தின் முழு நகலையும் அனுப்பச் சொன்னேன். கடைசிப் பக்கத்தின் அடியில், எந்த வெள்ளைக்காரரும் படித்திருக்க முடியாத சின்ன எழுத்தில், புதிய ஆதாரம் இருந்தால் மறுபரிசீலனை கோரலாம் என்று இருந்தது. எங்கள் அலுவலகத்திலும் அந்த எழுத்தில்தான் போடுவோம்.

புதிய ஆதாரத்துக்கு எங்கே போவது என்று மகள் கேட்டாள். போன வருஷம் நீ எழுதியது இருக்கிறதே என்றேன். கேட்டுக் கிடைத்த பத்து நாளில் ஆறைத் தானாகவே திருப்பிக் கொடுக்க முன்வந்த விண்ணப்பதாரர், அந்த ஆய்வகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எல்லோரும் கூட்டித்தான் கேட்கிறார்கள் என்ற வாதம் இவளிடம் வந்து நிற்காது. அந்தக் கடிதத்தையும், அந்த அம்மாளின் பதிலையும், ஏன் ஆறு என்ற கணக்கையும் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று ஒரு மணி நேரம் வாதாடியது யார் என்று கேட்டாள். வழக்குக்குத் தேவையில்லாத விவரங்களை மனுவில் சேர்க்கக் கூடாது என்றேன். இம்முறை என் வரைவில் ஒரு முழுப் பத்தி தப்பிப் பிழைத்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மூன்று வாரம் என்றதுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, யோசித்திருக்கிறார்கள். ஆறும் கிடைத்தது. மகள் போனில் தேதியைச் சொன்னாள். நான் அதை நாள்காட்டியில் குறித்துவிட்டுத் திரும்பினேன். மனைவி அடுக்களை வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மருமகள் உண்டாகியிருந்தாள்; அந்தத் தேதிக்கு அவளுக்கு ஒன்பதாம் மாதம், வளைகாப்பு வைக்கிற மாதம். வளைகாப்பில் முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும்.

"ஏழாம் மாசத்துலயே போட்டுட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஜோசியரக் கேக்கணும்," என்றாள். "எத்தன நாளு தள்ளிக் கேக்குறதுன்னு மட்டும் நீங்க சொல்லாதீங்க."